பக்கவாட்டில் நின்று சனி பார்த்தது

எங்கள் வீட்டில் எந்தப் பொருள் கேட்டாலும் அப்பா மூன்று கேள்வி கேட்பார். என்ன மெட்டீரியல், எத்தனை வருஷம் தாங்கும், அந்த லைனில் நமக்கு யாரைத் தெரியும். மூன்றுக்கும் பதிலைத் தயாராக வைத்துக்கொண்டுதான் தொலைநோக்கி வேண்டுமென்று கேட்டேன். அம்மா நாலாவதாக ஒன்று கேட்பாள் என்று நினைக்கவில்லை.

"எதப் பாக்கறதுக்கு கண்ணு?"

"சனிங்கம்மா," என்றேன்.

குரு என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் ஆகியிருக்காது. 2025 ஜனவரியில் வியாழன் தினமும் முன்னிரவில் சரவணம்பட்டியில் எங்கள் மொட்டை மாடிக்கு மேலேதான் நின்றுகொண்டிருந்தது. சுக்கிரன் என்று சொல்லியிருந்தால் அம்மா அன்றைக்கே பாயசம் வைத்திருப்பாள். அத்தனை கிரகம் இருக்க, வீட்டில் பேர் சொல்லவே யோசிக்கிற ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொன்னேன். மெக்கானிக்கல் மூன்றாம் வருஷம் படிக்கிறவனிடம் அதற்குமேல் எதிர்பார்க்க முடியாது.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"உன்ற ராசி என்ன?"

"கும்பமுங்க."

"இப்ப கும்பத்துல யாரு இருக்கறா?"

"சனிங்க."

"ஜென்மச் சனி நடக்கறவன் அவர எதுக்குத் தேடிப் போய்ப் பாக்கோணும்? அவரே நம்மூட்லதான இருக்கறாரு."

மார்ச் கடைசியில் சனிப் பெயர்ச்சி. வாடகைக்கு இருப்பவர் காலி செய்யும் தேதியைப்போல அம்மா அதை மனசில் வைத்திருந்தாள். "இன்னும் ரண்டு மாசம். அவரு நல்லபடியாக் கெளம்பட்டும். அப்பறம் எத்தன வேணா பாரு," என்றாள்.

சிக்கல் அங்கேதான் இருந்தது. சனிக்கு அழகே வளையம். அந்த வளையம் வருஷா வருஷம் நம் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாயும். அந்த மார்ச்சில் அது நமக்கு முழுக்க விளிம்பைக் காட்டித் திரும்புகிறது. சாப்பாட்டுத் தட்டைக் கண்ணுக்கு நேராகப் படுக்கையாகப் பிடித்தால் கோடுதான் தெரியும். அந்தத் தட்டு அத்தனை தூரத்தில் இருந்தால் கோடும் தெரியாது. போதாததற்கு அதே மார்ச்சில் சனி சூரியனுக்குப் பின்னால் வேறு போய்விடுகிறது. வளையம் மறுபடி அகலமாகத் தெரிவதற்குள் நான் எந்த ஊரில், எந்தக் கம்பெனியில், யாருடைய நைட் ஷிஃப்டை ஓட்டிக்கொண்டிருப்பேனோ. ஆக, வளையம் இருக்கும்வரை பார்க்கக் கூடாது. பார்க்கலாம் என்று அனுமதி கிடைக்கும்போது வளையம் இருக்காது. வானத்தையும் அம்மாவையும் ஒரே ஆள் உட்கார்ந்து திட்டம் போட்டு இயக்குவது மாதிரி இருந்தது.

இப்படி ஒரு தடை வரும் என்று தெரியாமல் நான் மாதக்கணக்கில் எந்தத் தொலைநோக்கி வாங்குவது என்று படித்துக்கொண்டிருந்தேன். முதல் தொலைநோக்கி வாங்குகிறவனுக்கு இணையத்தில் கிடைக்கும் அறிவுரை, பெண் பார்க்கப் போகிறவனுக்குக் கிடைப்பதைவிட அதிகம். இரண்டு கட்சி. ஒன்று லென்ஸ் கட்சி: குழாயின் முன்னால் லென்ஸ், பின்னால் நின்று கண்ணை வைத்தால் நேராகப் பார்க்கலாம். இன்னொன்று கண்ணாடிக் கட்சி: குழாயின் வாய் திறந்திருக்கும், அடியில் குழிந்த கண்ணாடி, அதில் பட்ட வெளிச்சம் மேலே வந்து சாய்ந்த ஒரு குட்டிக் கண்ணாடியில் மோதி விலாவழியாக வெளியே வரும், நாம் குழாயின் பக்கத்தில் நின்று அதன் விலாவில் கண்ணை வைக்க வேண்டும். அதே விலைக்குக் கண்ணாடி பெரிதாகக் கிடைக்கும், நிறையத் தெரியும். லென்ஸுக்குப் பராமரிப்பு குறைவு. இரண்டு கட்சியும் ஒருவரை ஒருவர் கெட்ட வார்த்தை சொல்லாமல் திட்டிக்கொண்டிருந்தன. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றுமை: குழாய் பாதிதான், அதைத் தாங்கும் மவுண்ட் மீதிப் பாதி. நோஞ்சான் ஸ்டேண்டில் எவ்வளவு நல்ல குழாயை வைத்தாலும், தும்மினால் சனி நாட்டியம் ஆடும்.

நான் இரண்டு கட்சிக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். தீர்ப்பு ஆனைமலையிலிருந்து வந்தது.

அம்மாவின் அண்ணன் பாலுசாமி மாமாவுக்கு அங்கே தென்னந்தோப்பு. எங்கள் குளியலறை டைல்ஸின் நிறம்கூட அவரைக் கேட்டுத்தான் முடிவானது. அவர் அதைப் பார்க்காமலேயே போனில் முடிவு செய்தார். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு சமையல் மேடையில் வைத்து, பையன் சனியைப் பார்க்க வேண்டுமென்கிறான் என்று, போலீசில் புகார் கொடுக்கிற குரலில் சொன்னாள்.

மாமாவுக்குப் பின்னால் தோப்பில் யாரோ மட்டை வெட்டும் சத்தம் கேட்டது.

"மாப்ள, கோயல்ல சனீஸ்வரர எப்புடிக் கும்புடுவோம்?"

"சைடுல நின்னுங்க மாமா."

"ஏன்?"

"நேரா நின்னா பார்வை படுமுங்க."

"அப்ப நீ வாங்கறது நேரா நின்னு பாக்கறதா, சைடுல நின்னு பாக்கறதா?"

உலகம் முழுவதும் படித்தவர்கள் பக்கம் பக்கமாக அடித்துக்கொண்ட கேள்வி, இந்தக் கோணத்திலிருந்து யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

"ரண்டு வகையும் இருக்குதுங்க மாமா. கண்ணாடி வெச்சது சைடுல நின்னு பாக்கறதுதானுங்க. சனிக்கு நேராத் திரும்பவே வேண்டியதில்ல. ரண்டு கண்ணாடில பட்டு வர்றதத்தான் பாக்கறோம்."

"அப்ப அது வெறும் நெழலு தானுங்களாண்ணா?" என்றாள் அம்மா போனைப் பார்த்து.

"நெழலோட நெழலு அம்மணி. ரண்டு கண்ணாடிங்கறானே."

இப்படித்தான் ஆறு அங்குலக் கண்ணாடித் தொலைநோக்கி எங்கள் வீட்டில் ஒருமனதாக நிறைவேறியது. சரியான முடிவுதான். ஆனால் அந்தச் சரியான முடிவுக்கு வந்த பாதையை நான் எந்த இணையக் குழுவிலும் எழுத முடியாது.

போனை வைப்பதற்குள் மாமா ஒரு நிபந்தனையும் போட்டார். "என்ன இருந்தாலும் புதுசு. ஜென்மச் சனிக்காரன் மொதல்ல கண்ண வெக்க வேண்டாம். நானு வந்து பாக்கறேன். பெரியவங்க ரண்டு மூணு பேரு பாக்கட்டும். அப்பறம் அவன் பாக்கட்டும்."

அடுத்தது மவுண்ட். கண்ணாடித் தொலைநோக்கியோடு வரும் மவுண்ட் ரொம்ப எளிமையானது: பலகையில் செய்த ஒரு பெட்டி, தரையில் உட்கார்ந்து இடம் வலம் சுற்றும், குழாய் அதில் மேலும் கீழும் சாயும். ஒரு விரலால் தள்ளலாம். அப்பாவிடம் படத்தைக் காட்டினேன். அப்பா மோகன்குமாருக்குக் கணபதியில் மோட்டார் பம்ப் செய்யும் பட்டறை. அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது ப்ளைவுட்டா?"

"அந்த மாதிரிதானுங்கப்பா."

"பட்டறய வெச்சுக்கிட்டு ஸ்டேண்டு வெளிய வாங்கறதா? நாளைக்கு நாலு பேரு கேட்டா என்ன சொல்றது?"

கோயம்புத்தூரில் இது ஒரு நோய். கடையில் கிடைக்கும் எதையும் இவர்களால் வாங்க முடியாது. பார்த்ததும் "இத நம்மளே செஞ்சுப்போடலாமே" என்று தோன்றிவிடும். குழாய் மட்டும் பெங்களூரிலிருந்து வந்தது. ஸ்டேண்டு பட்டறையில் தயாரானது. ஆடக் கூடாது என்று நான் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அதை அப்பா இவ்வளவு மனசில் வாங்கிக்கொள்வார் என்று தெரிந்திருந்தால் சொல்லியிருக்கவே மாட்டேன்.

வந்தது ஒரு வார்ப்பிரும்பு பீடம். இடுப்பு உயரம், பம்பு செட்டுக்கு அடிக்கும் அதே நீலப் பெயிண்ட், மேலே கிரீஸ் அடிக்க ஒரு நிப்பிள். பட்டறை ஆட்கள் பாரம் தூக்கும் செயின் பிளாக் கட்டி மாடிக்கு ஏற்றினார்கள். தளத்தில் துளை போட்டு ஆங்கர் போல்ட் அடித்து, சுற்றிலும் கான்கிரீட் போட்டு, அப்பா அதன்மேல் ஏறி நின்று குதித்துக் காட்டினார்.

"பாத்துக்கோ. ஒரு நூல் அசையாது."

உண்மைதான். அசையவே அசையாது. குழாயைத் திருப்ப வேண்டுமென்றால் பெரிய ஸ்பேனரால் இரண்டு போல்ட்டைத் தளர்த்தி, திருப்பி, மறுபடி இறுக்க வேண்டும். முதல் நாள் வியாழனை வைத்துச் சோதித்தோம். குருவைப் பார்க்க எனக்குத் தடையில்லை. நான் இறுக்கி முடித்து, அப்பா குனிந்து கண்ணை வைத்து, "அருமை" என்று ஆரம்பித்து, "எங்கடா காணோம்" என்று முடித்தார்.

"நகந்துருச்சுங்கப்பா."

"எப்புடி நகரும்? ஸ்டேண்டு கல்லாட்டம் நிக்குது."

"பூமி சுத்துதுங்கப்பா."

அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "அத மொதல்லயே சொல்லியிருக்கோணுமல்ல?"

ஆர்டர் கொடுத்த வாடிக்கையாளர் முக்கியமான விவரத்தை மறைத்துவிட்ட வருத்தம் அவர் முகத்தில் இருந்தது. பூமி சுற்றுவதை ஈடுகட்ட மோட்டார் வைத்த மவுண்ட்டும் இருக்கிறது, அதுவாகவே கிரகத்தின் பின்னால் திரும்பும் என்று விளக்கினேன். அப்பா முகம் தெளிந்தது.

"மோட்டார்னா நம்மகிட்ட இல்லாததா. அர ஹெச்.பி. போதுமா?"

"ஒரு நாளைக்கு ஒரு சுத்துதான் சுத்தோணுமுங்கப்பா."

"ஒரு நாளைக்கு ஒரு சுத்தா? அதுக்குப் பேரு மோட்டாரா?" என்று கீழே இறங்கிப் போய்விட்டார்.

ஆக, ஒரு கிரகத்தைப் பிடித்து வைத்தால் அது பார்வை வட்டத்தைக் கடக்க ஏறக்குறைய ஒன்றரை நிமிஷம். அதற்குள் பார்க்க வேண்டும். மற்ற ஊர்க்காரர்களுக்கு ஒன்றரை நிமிஷம் தாராளம்.

மாமா வரும்வரை நான் திருட்டுத்தனமாகப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக அம்மா ஐபீஸை, அதாவது கண்ணை வைக்கும் அந்தச் சின்னக் குழாயை, மஞ்சள் துணியில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டினாள். சனி மறைந்த பிறகுதான் தினமும் எனக்குக் கிடைக்கும். எது சனி, எது குரு என்று அவளை ஏமாற்றவும் வழியில்லை. வானத்துக்கு நேராகப் பிடித்தால் பேர் சொல்லும் ஆப்பை அவள் போனில் போட்டுக் கொடுத்து, பெருமையாகச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான். சாயங்காலமானால் போனை மேற்குப் பக்கம் பிடித்துக்கொண்டு ஜன்னலில் நிற்பாள். "இன்னும் போகல. உக்காந்து படி."

மாமா ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். பெரியவர்கள் வரிசையில் அடுத்த வீட்டு அமிர்தநாதன் சாரையும் அப்பா கூப்பிட்டிருந்தார். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். காலையில் சர்ச்சுக்குப் போகிற அவசரத்திலும் எங்கள் கேட் திறந்திருந்தால் நின்று சாத்திவிட்டுப் போகிற மனிதர். இருட்டியதும் எல்லோரும் மாடிக்கு வந்தார்கள். அம்மா ஐபீஸைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். நான் கண்ணை வைக்கக் கூடாது என்பதால் குழாயின் முதுகில் இருந்த குறிபார்க்கும் சிவப்புப் புள்ளியை வைத்தே சனியைப் பிடித்து, போல்ட்டை இறுக்கினேன்.

"வந்துருச்சுங்க. பாருங்க."

"சார், நீங்க பாருங்க," என்றார் அப்பா.

"அட, மச்சான் அத்தன தூரத்துலருந்து வந்திருக்காரு. அவரு பாக்கட்டுமுங்க."

"நானு ஊட்டு ஆளுங்க," என்றார் மாமா. "நீங்கதான் ஒறம்பரை." எங்கள் பக்கத்தில் விருந்தாளிக்கு அதுதான் பேர்.

"பக்கத்து ஊட்டுக்காரன் எப்புடிங்க ஒறம்பரை ஆவேன்? மோகன்குமாரு, ஸ்டேண்டு செஞ்சது நீங்க. நீங்க பாக்கறதுதானுங்க மொறை."

"செஞ்சவன் கடைசில பாக்கறதுதானுங்க மொறை. மச்சான், நீங்க வாங்க."

"மாப்ள, நீங்க இருக்கறப்ப நானு முந்தறதா?" என்றார் மாமா அப்பாவிடம்.

"போயிருச்சுங்க," என்றேன்.

"யாரு?"

"சனிங்க."

மறுபடி ஸ்பேனர். மறுபடி சிவப்புப் புள்ளி. மறுபடி "பாருங்க." இந்தத் தடவை வயசை எடுத்தார்கள். சாருக்கு வயசு அதிகம், ஆகவே மாமா ஒதுங்கினார். மாமா தாய்மாமன், பையனுக்கு எல்லாம் அவர்தான் முதலில் செய்ய வேண்டும், ஆகவே சார் ஒதுங்கினார். இருவரும் ஒதுங்கிய இடத்தில் யாரும் இல்லை. இரும்புப் பீடத்தின் மேல் குழாய் மட்டும் ஆடாமல் அசையாமல் நின்றது. மூன்றாம் தடவை சார் கிட்டத்தட்டக் குனிந்துவிட்டார். குனிந்தவர் மாமாவின் வேட்டி நுனியைப் பார்த்து, "இல்லீங்க, மனசு ஒப்பல," என்று நிமிர்ந்துவிட்டார். அதற்குள் அம்மா, சாப்பாடு ஆறுகிறது என்றாள். கீழே போய், யார் முதலில் கை கழுவுவது என்று ஆரம்பித்தார்கள்.

அன்றைக்கு ராத்திரி நான் உட்கார்ந்து யோசித்தேன். இவர்களை மாற்ற முடியாது. பூமியையும் நிறுத்த முடியாது. மீதி இருப்பது ஒரே வழி. இவர்கள் உபசாரம் முடிய ஏறக்குறைய நாலு நிமிஷம் ஆகிறது. அப்படியென்றால் சனி இருக்கும் இடத்துக்குக் குறி வைக்கக் கூடாது. நாலு நிமிஷம் கழித்து வரப்போகிற இடத்துக்கு வைக்க வேண்டும். வெறும் வானத்தைப் பிடித்து இறுக்கி, "பாருங்க" என்று சொல்லிவிட்டால், இவர்கள் மரியாதையெல்லாம் முடிந்து யாராவது குனியும் நேரத்தில் சனி தானாக உள்ளே நடந்து வரும். மூன்று வருஷ இன்ஜினியரிங் படிப்பில் நான் உருப்படியாகப் போட்ட முதல் கணக்கு அதுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா மறுபடி வந்தார். சாரும் வந்தார். நான் சனிக்கு முன்னால், மேற்கே கொஞ்சம் தள்ளி, காலியான இடத்தில் குழாயை நிறுத்தி இறுக்கினேன்.

"பாருங்க," என்றேன் நிம்மதியாக.

"பொள்ளாச்சி பஸ்ஸப் புடிக்கோணும், நேரமாச்சு," என்று மாமா நேராக வந்து கண்ணை வைத்துவிட்டார்.

அந்தக் குழாய்க்குள் அப்போது எதுவுமே இல்லை. "மாமா, இன்னும் ஒரு..." என்று ஆரம்பித்தேன்.

"ஆஹா," என்றார் மாமா. "என்னமா இருக்குது மாப்ள."

நான் வாயை மூடிக்கொண்டேன். தாய்மாமன் ஆஹா என்று சொன்ன பிறகு அங்கே ஒன்றும் இல்லை என்று சொல்வது, சாருக்கு முன்னால் மாமாவைப் பொய்யர் என்று சொல்வது. எங்கள் பக்கத்தில் அதற்குப் பங்காளிச் சண்டையே வந்திருக்கிறது.

"வளையம் தெரியுதுங்களா?" என்று அப்பா கேட்டார்.

"ஜம்முனு தெரியுதுங்க மாப்ள. சார், வாங்க, நீங்களும் பாருங்க."

சார் கண்ணை வைத்தார். கொஞ்ச நேரம் அசையாமல் இருந்தார். பிறகு, "ரொம்பத் தெளிவுங்க," என்றார். அப்பா கடைசியாகக் குனிந்தார். உள்ளே பார்த்ததைவிட வெளியே பீடத்தைத் தட்டிப் பார்த்ததுதான் அதிகம். "பாத்தீங்களா மச்சான்? ஒரு நூல் ஆடல."

மூன்று பேரும் படியிறங்கினார்கள். நான் மனசுக்குள் கணக்கைப் பார்த்தேன். நாலு நிமிஷம் ஆகப்போகிறது. சனி சரியாக உள்ளே வரும் நேரம்.

"அம்மா, பெரியவங்க எல்லாம் பாத்தாச்சுங்க. இப்ப நானு..."

"இரு கண்ணு," என்று அம்மா என் கையைப் பிடித்தாள். "பாத்தவங்களுக்கு என்ன ஆகுதுன்னு ஒரு வாரம் பாப்போம். அப்பறம் நீ பாத்துக்கலாம்."

புது மருந்தை மூன்று பேருக்குக் கொடுத்துவிட்டு ஒரு வாரம் காத்திருப்பது முறையான ஆராய்ச்சிதான். அறிவியல் மாணவனாக நான் அதை மறுக்க முடியாது. மூன்று பேருக்கும் வெறும் வானத்தைத்தான் கொடுத்திருக்கிறோம் என்பது எனக்கு மட்டும் தெரியும். என்னைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு அம்மா கீழே இறங்கியபோது, யாரும் இல்லாத அந்தக் குழாய்க்குள் சனி வளையத்தோடு ஒன்றரை நிமிஷம் நடந்து போயிருக்கும்.

ஆராய்ச்சி முடிவுகள் ஒவ்வொன்றாக வந்தன. மாமா போன் செய்தார். ரொம்ப நாளாக இழுத்துக்கொண்டிருந்த தோப்புக் கரண்ட் கனெக்சன் வந்துவிட்டதாம். "எல்லாம் சனியப் பாத்த நேரம் அம்மணி." சாரின் மகள் ஃபெமினா வெளியூரிலிருந்து திடீரென்று லீவு கிடைத்து வந்து நின்றாள். அப்பாவுக்குப் பட்டறையில் ரிஜெக்ட் ஆன வார்ப்பு ஒன்று எப்படியோ இன்ஸ்பெக்சனில் பாஸாகிவிட்டது. அம்மா ஒவ்வொன்றையும் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டாள். வாரம் முடிந்ததும் என்னைக் கூப்பிட்டாள்.

"சைடுல நின்னு பாத்தா நல்லதுதான் செய்யறாரு. சனிக்கெழம பாரு. தலைக்கு எண்ணெ வெச்சுக் குளிச்சுப்போட்டுப் பாரு."

சனிக்கிழமை மேகம். அதற்கடுத்த சனிக்கிழமைக்குள் பிப்ரவரி பாதியாகிவிட்டது. சனி தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூரியனை நோக்கி இறங்கி, இருட்டும்போதே மேற்கில் தாழ்ந்து, சார் வீட்டு மாடியில் இருக்கும் கறுப்புத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போக ஆரம்பித்திருந்தது. சனி கண்ணுக்குத் தெரியும் அளவு வானம் இருட்டுவதற்கும் தொட்டி மறைப்பதற்கும் நடுவில் கிடைப்பது ஒரு சின்ன இடைவெளி. அடுத்த சனிக்கிழமை அதுவும் இருக்காது. பீடத்தை நகர்த்தலாம் என்றால், அப்பாவின் கான்கிரீட் எங்கள் வீட்டைவிட அதிக நாள் இருக்கும்.

எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, நெற்றியில் அம்மா பூசிவிட்ட திருநீறோடு மாடியில் நின்றேன். சுக்கிரன் மேலே கொழுத்துப்போய் மின்னியது. அதற்குக் கீழே, வெகு கீழே, மங்கலாக ஒரு புள்ளி. தொட்டிக்குச் சற்று மேலே. சிவப்புப் புள்ளியை அதன்மேல் வைத்து, இரண்டு போல்ட்டையும் இறுக்கினேன். இந்தத் தடவை முன்னால் தள்ளி வைக்கவில்லை. சனி இருக்கும் இடத்திலேயே வைத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தேன்.

அம்மா பக்கத்தில், கோயிலில் நிற்கிற மாதிரி ஒருக்களித்து நின்றுகொண்டிருந்தாள். பயமும் ஆசையுமாக முகம்.

"நீங்க பாருங்கம்மா," என்றது என் வாய்.

நான் சொல்லவில்லை. அதுவாக வந்தது. இருபது வருஷமாக இந்த வீட்டில் சோறு தின்றதற்கு வேறென்ன வரும். அம்மாவாவது பதிலுக்கு "நீ பாரு கண்ணு" என்று சொல்வாள் என்று நம்பினேன். வெளியாட்களிடம்தான் அவளுக்கு உபசாரம். பெற்ற பையனிடம் இல்லை. நேராக வந்து கண்ணை வைத்துவிட்டாள்.

வைத்தவள் எடுக்கவில்லை. நான் ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டு தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இவரா?" என்றாள் கடைசியில், கண்ணை எடுக்காமலே. "இத்தினியூண்டா இருக்கறாரு. பாவமாட்ட இருக்குது."

"அம்மா, நகந்துருமுங்க."

"ஆமா, நகந்துட்டாரு," என்று நிமிர்ந்தாள்.

ஸ்பேனரை எடுத்து இரண்டு போல்ட்டையும் தளர்த்தி, குழாயைத் தாழ்த்தி, இறுக்கினேன். கை வழுக்கியது. எண்ணெய்க் குளியல். சனிக்கும் தொட்டியின் விளிம்புக்கும் நடுவில் இப்போது ஒரு விரல்கூட இல்லை. இன்னொரு தடவை போல்ட்டைத் தளர்த்த நேரமிருக்காது. குனிந்து கண்ணை வைத்தேன்.

இருந்தது.

படத்தில் வருகிற மாதிரி அகலமான வளையம் இல்லை. ஒரு துவரம் பருப்பை ஊசியில் கோத்த மாதிரி, மஞ்சளாக ஒரு பொட்டு, அதன் குறுக்கே இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு ஒரு மெல்லிய கோடு. காற்றில் லேசாக நெளிந்தது. யாரும் ஆஹா சொல்லச் சொல்லவில்லை. எனக்கும் சொல்லத் தோன்றவில்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது.

"ஏனுங்க தம்பி," என்று அமிர்தநாதன் சாரின் குரல் மெதுவாக வந்தது. "ஸ்பேனர் சத்தம் கேட்டுது, அதான் வந்தேன். உங்ககிட்ட மட்டும் ஒண்ணு சொல்லோணும். அன்னிக்கு எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க. எல்லாருக்கும் தெரிஞ்சு எனக்கு மட்டும் தெரியலேன்னா நல்லாருக்காதுன்னு சொல்லிப்போட்டேன். இன்னிக்கு ஒருக்காப் பாக்கலாமுங்களா?"

இத்தனை நாளில் அந்த மாடியில் ஒருவர் சொன்ன முதல் உண்மை அது. அதற்கு மரியாதை செய்ய வேண்டுமென்றால் நான் அந்த நொடியே விலகியிருக்க வேண்டும். "நீங்க பாருங்க சார்" என்பது வாய்வரை வந்து நின்றுவிட்டது.

"ஒரு நிமிஷம் நில்லுங்க சார்," என்றேன். கண்ணை எடுக்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவரை நிற்கச் சொன்னது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். பின்னாலிருந்து அம்மா பேசினாள். என்னிடம் இல்லை, சாரிடம்.

"பாத்தீங்களா சார்? வந்தவங்கள நிக்க வெச்சுப்போட்டு அவம்பாட்டுக்குப் பாக்கறான். இப்படிப்பட்ட பையனே இல்லீங்க இவன். அவரு புடிச்சுப்போட்டாரு."

"உடுங்கம்மா, பாக்கட்டும்," என்றார் சார்.

"சைடுலதான நின்னான்," என்றாள் அம்மா. "அப்படியும் புடிச்சுப்போட்டாரே."

சனி பார்வை வட்டத்தின் ஓரத்துக்கு நகர்ந்துகொண்டிருந்தது. கோட்டின் ஒரு முனை மறைந்தது. நானும் கூடவே தலையைச் சாய்த்தேன்.